பென்விக் துரைக்கு அடுத்த ஆள்

தம்பி, ஒரு விடுகதை போடுகிறேன். அவிழ்த்துப் பாருங்கள். பூட்ஸ் கட்டியிருப்பான், ஓட மாட்டான். உடுப்பு மாட்டியிருப்பான், வியர்க்க மாட்டான். அவனுக்கு வேலை வர வேண்டுமென்றால் இன்னொருவனுக்குக் காய்ச்சல் வர வேண்டும். அந்தக் காய்ச்சல் வந்துவிடக் கூடாது என்று அவனுடைய கூட்டாளிகளே சாமி கும்பிடுவார்கள். யார் அவன்?

கோல்கீப்பரா? அப்படித்தான் சொல்வீர்கள் என்று நினைத்தேன். மடியில் பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், யோசனை அதைத் தாண்டிப் போகாது. கோல்கீப்பருக்கு வேலை வரும், தம்பி. எதிராளி எவ்வளவு மட்டமாக இருந்தாலும் ஒரு பந்தாவது வரும். விடை அது இல்லை. விடை, இரண்டாவது கோல்கீப்பர். நான்தான். என் பெயர் மாசிலாமணி.

பவுரிங்பேட்டையில் வண்டி மாறும்போதே உங்களைப் பார்த்தேன். பந்து, பூட்ஸ், பை. தங்கவயலுக்குப் பந்தாட்டம் ஆடத்தான் போகிறீர்கள் என்று தெரிந்துவிட்டது. என்ன கோப்பை என்று கேட்டேன். பென்விக் கோப்பை என்றீர்கள். த்தூ! உங்கள்மேல் துப்பவில்லை, ஜன்னலுக்கு வெளியேதான் துப்பினேன். பென்விக் கோப்பையாம். அந்த ஆளின் பெயரில் வெள்ளியில் ஒரு சொம்பு செய்து, அதற்கு அடித்துக்கொள்ள மெட்ராஸிலிருந்து பையன்கள் வருகிறார்கள்.

ஊர் வர நேரம் இருக்கிறது. இந்த வண்டி மேட்டில் மாடு மாதிரிதான் ஏறும். கேளுங்கள், சொல்கிறேன்.

அவன் எதிரில் நானும் துரை என்றுதான் கூப்பிட்டேன், கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். முதுகுக்குப் பின்னால்தான் 'அவன்'. சுரங்கத்துக்குள் மேற்கல் சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை இருக்கிறதே, அந்தக் கூட்டத்துக்கு அவன் போர்மன். நான் அந்தக் கூட்டத்தில் ஒருவன். சுரங்கத்திலும் அவனுக்குக் கீழே. மேலே வந்தால் மைதானத்திலும் அவனுக்குக் கீழே.

ஜெர்மன் சண்டைக்கு முன்னால் வந்தவன். இங்கிலாந்தில் வடக்கே ஏதோ ஒரு நிலக்கரி ஊர். அந்த ஊர் டீமுக்குப் பதினோரு வருஷம் கோல் காத்தானாம். ஆறடிக்கு மேல் உயரம். கை இரண்டும் மண்வெட்டி மாதிரி. அந்தக் காலத்தில் பந்தைப் பிடித்த கீப்பரைத் தோளால் இடித்து, பந்தோடு சேர்த்து வலைக்குள் தள்ளலாம். அதுவும் கோல்தான். பதினோரு வருஷம் அப்படி இடிபட்டு, கடைசியில் தோள் கழன்றுவிட்டதாம். போய்வா என்று சொல்லிவிட்டார்கள். வேறு டீமுக்கும் போக விடவில்லையாம். அதனால் கப்பலேறிவிட்டான். பாருங்கள், அங்கே குப்பையில் போட்டதை இங்கே தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அங்கே பதினோரு வருஷம் போதாதென்று இங்கே பதினாறு வருஷம் நின்றான். நகரவே இல்லை, தம்பி. உட்கார்ந்த பல்லி மாதிரி.

நான் அவனுக்கு அடுத்த ஆள். அவன் வந்த முதல் வருஷத்திலேயே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். "அடுத்த ஆளுன்னா அடுத்து நீதான்டா" என்றார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆளை மாற்றக் கூடாது, உங்களுக்குத் தெரியும். நடுவில் கீப்பருக்குக் கால் உடைந்தால்கூட, முன்னால் ஆடுகிறவன் ஒருவன்தான் பின்னால் போய் நிற்பான். ஆகவே துரை படுப்பதென்றால் ஆட்டத்துக்கு முன்னாலேயே படுக்க வேண்டும். படுப்பானா? விஷக்காய்ச்சல் வந்து லைன் வீடுகளில் பாதிப் பேர் கம்பளிக்குள் கிடந்தார்கள். அவன் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை சுரங்கத்தில் முட்டு மரம் ஒன்று அவன் காலில் விழுந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ஐயோ தொரை!" என்று ஓடினேன். எல்லாரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். சனிக்கிழமை கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

சுத்தம் என்பது கிடையாது. கோலுக்கு ஒரே ஒரு சட்டை, மஞ்சள் கம்பளிச் சட்டை, இங்கிலாந்திலிருந்து கொண்டு வந்தது. ஆட்டக் காலம் முடியும்வரை துவைக்க மாட்டான். துவைத்தால் ராசி போய்விடுமாம். நம் ஊர் வெயிலில் கம்பளி! பக்கத்தில் போனால் ஆட்டுக்கிடை. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு உள்ளங்கையிலும் துப்புவான். கோல் வாயில் இருக்கிற செம்மண்ணை அள்ளி, அந்த எச்சிலில் குழைத்துத் தேய்ப்பான். பந்து வழுக்காதாம். அந்தக் கையாலேயே பின்னால் நிற்கிற குழந்தைகளுக்கு பிஸ்கட் கொடுப்பான். அதை அந்தக் குழந்தைகள் வாங்கித் தின்னும்! என் மகளும் தின்பாள். அடிக்கப் போனேன். "மண்ணு ஒட்டலப்பா, ஊதிட்டுத்தான் தின்னேன்" என்கிறாள்.

ஒருநாள் என் தோளில் கை வைத்தான். அவனுக்குத் தமிழ் நன்றாகவே வரும், வேலைக்காரர்களிடம் கற்றது. "மாசிலாமணி, எனக்குத் தெரியும். எங்க ஊர்ல நானும் ரெண்டாவது ஆளா நின்னேன். மூணு வருஷம். ரொம்பக் கஷ்டம்" என்றான். மூன்று வருஷம்! அப்போது நான் நிற்க ஆரம்பித்து ஒன்பது வருஷம். "ஆமா தொரை" என்றேன். அவன் போனதும் தோளைத் துடைத்துக்கொண்டேன்.

நான் ஆடவே இல்லை என்று நினைக்காதீர்கள். மூன்று ஆட்டம் ஆடியிருக்கிறேன். துரை ஊட்டிக்குப் போயிருந்தபோது ஒன்று. ஆறு கோல் விழுந்தது. சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடித்தது, அதற்கு யார் என்ன செய்வது? இரண்டாவது ஆட்டத்தில் காற்று. எங்கள் மைதானத்துக்குப் பக்கத்தில்தான் சயனைடு மண்மேடு. பொன் எடுத்துவிட்டுக் கொட்டிய மண், மாவு மாதிரி இருக்கும். காற்றடித்தால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. மூன்றாவதில் அவனுடைய அந்த மஞ்சள் சட்டையை எனக்கு மாட்டிவிட்டார்கள். அந்த நாற்றத்தில் ஒரு மனிதன் மூச்சு விடுவானா, பந்தைப் பிடிப்பானா?

அவனாகவே இடையில் கூப்பிட்டிருக்கிறான், இல்லையென்று சொல்ல மாட்டேன். "மாசிலாமணி, இந்த வாரம் நீ நில்லு" என்பான். எந்த ஆட்டத்துக்கு? ஆஸ்பத்திரி ஆட்களோடு ஆடுகிற ஆட்டத்துக்கு. பார்க்கப் பத்துப் பேர் வருவார்கள், அதில் நான்கு பேர் ஆடு மேய்க்கிறவர்கள். எனக்கென்ன தலையெழுத்தா? வயிற்றுவலி என்று சொல்லிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் வயிற்றுவலி என்றுதான் சொன்னேன். கடைசியில் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டான். மனிதத்தன்மை இருந்தால் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டாமா?

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

நீங்கள் ஆடுகிறீர்களே, கீப்பர் எங்கே கையால் பந்தைத் தொடலாம்? கோலுக்கு முன்னால் சுண்ணாம்பு போட்ட பெரிய கட்டத்துக்குள். அதைத் தாண்டித் தொட்டால் விசில். குழந்தைக்கும் தெரியும். எங்கள் ஊரில் அப்படி இல்லை. பந்தைப் பிடித்ததும் துரை அதைத் தரையில் தட்டித் தட்டிக்கொண்டே கட்டத்தை விட்டு வெளியே வருவான். வந்துகொண்டே இருப்பான். மைதானத்தின் நடுக்கோடு வரை வருவான். எதிராளிகள் இரண்டு பக்கமும் தோளால் இடிப்பார்கள். அவன் தேர் மாதிரி அசைந்துகொண்டு வருவான். நடுக்கோட்டில் நின்று ஓங்கி ஒரு உதை. பந்து எதிர் கோலுக்கு முன்னால் போய் விழும். ஜனம் எழுந்து நின்று கத்தும். அவர்கள் அந்த ஓட்டத்தைப் பார்க்கத்தான் வருவார்கள்.

"கீப்பர் பாதி மைதானம் வரைக்கும் கையால தொடலாம், அதான் சட்டம்" என்று வந்த புதிதில் சொன்னான். இங்கிலாந்தில் பதினோரு வருஷம் ஆடியவன் சொன்னால் யார் மறுப்பார்கள்? விசில் ஊதுகிறவர்களுக்கும் அவன்தான் சட்டம் சொல்லிக்கொடுத்தான். எங்கள் ஆட்டமெல்லாம் எங்களுக்குள்ளேயேதான். இந்தச் சுரங்கக் குழி ஆட்களும் அந்தக் குழி ஆட்களும் ஆடுவார்கள். வெளியூர் போக லீவு கிடையாது. ஆகவே எல்லாக் கீப்பரும் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். நானும் அதைத்தான் பழகினேன். யாரும் இல்லாத நேரத்தில் மைதானத்தில் தனியாக ஓடிப் பழகுவேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவனைவிட நான் வேகம். இடிக்க ஆள் இல்லாதபோது நான் வேகம்.

வரதன் என்று ஒரு பையன், இடது பக்கம் முன்னால் ஆடுவான், நாலு எழுத்து இங்கிலீஷ் தெரியும். ஒருநாள் ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, கீப்பரு கட்டத்துக்கு வெளிய கையால தொடக் கூடாதாம்ணே. இதுல போட்டிருக்கு. எப்பவோ மாத்திட்டாங்களாம்."

"எதுலடா போட்டிருக்கு?"

"பேப்பர்ல."

"வடை மடிச்ச பேப்பர்லயா? எண்ணெய் சொட்டுது பாரு. இங்கிலாந்திலேர்ந்து வந்தவரு சொல்றது பொய்யி, உன் வடை சொல்றது நெசமா?"

எல்லாரும் சிரித்தார்கள். வரதன் முகம் சுருங்கிப் போய்விட்டது. அந்தக் காகிதத்தை வாங்கிக் கசக்கி நான்தான் எறிந்தேன். துரை காதுக்கு அது போகாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான். பெரிய மனிதரை இதற்கெல்லாம் தொந்தரவு செய்யக் கூடாது, இல்லையா? அன்றைக்கு அவனுக்காக நான் பேசினேன், தம்பி. அந்த நன்றி அவனுக்கு இருந்ததா என்று கேளுங்கள்.

என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிருபை. அப்போது ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை கோவில் விட்டால் நேராக மைதானம்தான். கோலுக்குப் பின்னால் வலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மற்றக் குழந்தைகள் பிஸ்கட்டுக்கு நின்றார்கள், இவள் ஆட்டத்துக்கு நின்றாள். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது துரை கம்பத்தில் சாய்ந்துகொண்டு இவளிடம் பேச்சுக் கொடுப்பான். ஒருவன் கோலைப் பார்த்து உதைக்க வந்தால் இவள் முன்கூட்டியே 'சோத்துக்கை', 'பீச்சாங்கை' என்று கத்துவாள். பாதிக்கு மேல் சரியாக இருக்கும். அதைக் கேட்டு அவன் சிரிப்பான். பொண்ணுக்கு எதற்கு இதெல்லாம் என்று என் வீட்டுக்காரி சலோமி தலையில் அடித்துக்கொள்வாள்.

நான் பழகும்போதும் வந்து நிற்பாள். பொன்னுரங்கம் பந்தை உதைப்பான். பொன்னுரங்கம் என் மச்சான், சலோமிக்கு அண்ணன், எங்கள் டீமுக்குக் கேப்டன். ஒருநாள் இவள் கேட்கிறாள்: "ஏம்ப்பா, மாமா கிட்டக்க ஓடியாந்தா கண்ண மூடிக்கற?"

"யாரு மூடறது? தூசிடி."

"இன்னிக்குக் காத்தே இல்லியே."

"வாய மூடு. போயி பந்த எடுத்தா."

குழந்தைகள் எதையாவது பார்த்துவிட்டு எதையாவது சொல்லும். இதெல்லாம் ஒரு பேச்சா? ஏன் சொன்னேன் என்றே தெரியவில்லை.

சரி, பெங்களூர். துரை வந்த பதினாறாவது வருஷம் சுரங்கக் கம்பெனியில் புது மேனேஜர் வந்தான், லீவு கொடுத்தான். பெங்களூரில் ஒரு கோப்பைக்கு எங்களை முதன்முதலாக அனுப்பினார்கள். எதிரில் பட்டாளத்து டீம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள், ஒவ்வொருவனும் கதவு மாதிரி. நடுவில் முன்னால் ஆடுகிறவன் ஒருவன், செம்பட்டைத் தலை. அவன் நடந்து வந்தாலே தரை அதிர்ந்தது. துரைக்கு அப்போது நாற்பத்தாறு வயது. நான் வழக்கம்போல பூட்ஸ் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றேன்.

முதல் பந்தைத் துரை பிடித்தான். தரையில் தட்டிக்கொண்டு கட்டத்தை விட்டு வெளியே வந்தான். விசில்! கட்டத்துக்கு வெளியே கையால் தொட்டார் என்று சொல்லி, எதிராளியை அந்த இடத்திலிருந்தே பந்தை உதைக்கச் சொன்னார்கள். துரை சிரித்தான், ஏதோ வேடிக்கை என்று நினைத்துக்கொண்டான். உதைத்தார்கள், கோல். மறுபடி பந்து வந்தது, பிடித்தான், தட்டிக்கொண்டு வெளியே வந்தான். மறுபடி விசில், மறுபடி உதை, மறுபடி கோல். இப்போது சிரித்தது அவன் இல்லை. சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் தரையில் உருண்டான். இன்னொருவன் எங்கள் துரை மாதிரியே பந்தில்லாமல் தட்டித் தட்டி ஓடிக் காட்டினான்.

துரை விசில்காரரிடம் போனான். வரதன் பக்கத்தில் நின்று கேட்டதைப் பிறகு எங்களுக்குச் சொன்னான். "நான் இங்கிலாந்துல பதினோரு வருஷம் கோல் காத்தவன்" என்றானாம். "எந்த வருஷம் கப்பலேறினீங்க?" என்று அவர் கேட்டாராம். சொன்னானாம். "அதுக்கு அடுத்த வருஷமே சட்டத்தை மாத்திட்டாங்களே, ஐயா" என்றாராம்.

அவ்வளவுதான். அவன் திரும்பி நடந்து கோலுக்கு வந்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! பதினாறு வருஷம், தம்பி! பதினாறு வருஷம் செத்துப்போன சட்டத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். நான் தனியாக ஓடிப் பழகினதெல்லாம் எதற்கு? அருவருப்பாக இருந்தது. வாயில் மண் விழுந்த மாதிரி இருந்தது.

பிறகு அவன் கட்டத்தை விட்டு வெளியே வரவில்லை. உள்ளேயே நின்று பிடித்தான். பிடித்தான் என்றால், பிடித்தான்தான். எது வந்தாலும் பிடித்தான். செம்பட்டைத் தலையன் ஓடிவந்து இடித்தான். நான் நின்ற இடத்துக்குச் சத்தம் கேட்டது. துரை வலைக்குள் போய் விழாமல் கம்பத்தில் மோதிக்கொண்டு நின்றான், பந்து கையிலேயே இருந்தது. விலாவில் ஏதோ ஆகிவிட்டது. அதற்குள் எங்களவர்கள் இரண்டு கோல் போட்டார்கள், ஒன்று பொன்னுரங்கம், ஒன்று வரதன். இரண்டுக்கு இரண்டு. சமம் என்பதால் இன்னொரு ஆட்டம் ஆட வேண்டும், அதுவும் இந்தத் தடவை எங்கள் ஊரில்.

திரும்பி வரும்போது இதே வண்டிதான். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தான். எங்கள் ஆட்கள் என்ன செய்திருக்க வேண்டும்? காறித் துப்பியிருக்க வேண்டும். ஒருவன் ஓடிப் போய் டீ வாங்கி வருகிறான். ஒருவன் முதுகுக்குத் துண்டை மடித்து வைக்கிறான். வடைக் காகிதம் கொண்டு வந்த வரதன் இருக்கிறானே, அவன் விசிறுகிறான்! துரை எல்லாரையும் பார்த்து, "தப்பு என்னுது. சட்டம் மாறிச்சு, எனக்குத் தெரியல. மன்னிச்சுக்கங்க" என்றான். "அட, விடுங்க தொரை" என்கிறான் பொன்னுரங்கம். "உங்க சட்டம்தான் தொரை பாக்க நல்லாருந்துச்சு" என்கிறான் இன்னொருவன். அதற்கு எல்லாரும் சிரிக்கிறார்கள். அவனும் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். எழுந்து கதவோரம் போய் நின்றேன்.

ஆனால் ஒன்று. அங்கே நிற்கும்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. அவனுக்கு விலா போய்விட்டது. பெயரும் போய்விட்டது. அடுத்த ஆட்டத்துக்கு அடுத்த ஆள் யார்?

இதைவிட்டால் எனக்கு வேறு கிடையாது, தம்பி. கிறிஸ்துமஸ் கழிந்ததும் துரை தன் ஊருக்கே கப்பலேறுவதாக முடிவாகிவிட்டது. அவன் இடத்துக்குச் சேலம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைக் கம்பெனி வேலைக்கு எடுத்துவிட்டது. கோல் காக்கத்தான் எடுத்தார்கள். எனக்கு நாற்பது ஆகப் போகிறது. எங்கள் ஊரில், பட்டாளத்து டீமோடு, மொத்த வயலும் பார்க்கிற ஆட்டம். அன்றைக்கு நிற்காவிட்டால் என்றைக்கும் இல்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள் எல்லாரும் மைதானத்தில் கூடினார்கள். துரை விலாவில் பட்டையாகத் துணி சுற்றிக்கொண்டு வந்து, கோல் கம்பத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். "என்னால நிக்க முடியும். ஆனா வலிக்குது. மாசிலாமணி வேணும்னா மாசிலாமணி நிக்கட்டும். நீங்க சொல்லுங்க" என்றான். பாருங்கள் தந்திரத்தை! நானே நிற்கிறேன் என்று சொல்ல மாட்டானாம்.

பேச்சு இழுத்துக்கொண்டே போனது. பாதிப் பேர் துரை என்றார்கள். பாதிப் பேர், நாற்பத்தாறு வயசு, உடைந்த விலா, அந்தச் செம்பட்டையன் இன்னொரு தடவை இடித்தால் போய்ச் சேர்ந்துவிடுவார் என்றார்கள். மாசிலாமணி நல்லா ஆடுவான் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் என் பக்கம் பாதிப் பேர். அது போதும் எனக்கு. கடைசியில் பொன்னுரங்கம் சொன்னான்: "ஊர்ல ரெண்டு பக்கமும் இழுத்தா என்ன செய்வோம்? கொழந்தைய வெரலு தொடச் சொல்லுவோம். கொழந்த எத தொடுதோ அது. அப்புறம் யாரும் பேசக் கூடாது."

உங்கள் பட்டணத்தில் இந்த வழக்கம் உண்டோ என்னவோ. இரண்டு விரலை நீட்டுவோம். எந்த விரல் எது என்று நீட்டுகிறவன் மனதுக்குள் வைத்துக்கொண்டு, சாட்சிக்கு ஒருவன் காதில் மட்டும் சொல்லிவைப்பான். ஒன்றும் தெரியாத குழந்தை வந்து ஒன்றைத் தொடும். பெண் பார்ப்பதிலிருந்து வீடு மாறுவது வரை எங்களுக்கு அப்படித்தான். துரைக்கும் அது தெரியும். "சரி, கொழந்த தொட்டா ஒத்துக்கறேன்" என்றான். "எந்தக் கொழந்த?" என்று கேட்டபோது அவனே, "கிருபா" என்றான்.

என் மகள்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனாகவே வந்து வலையில் விழுகிறான்.

அவளைக் கூட்டி வருகிறேன் என்று வீட்டுக்குப் போகக் கிளம்பினேன். பொன்னுரங்கம் என் மச்சான், அவன் என்னிடம் சொல்லாமல் இருப்பானா? கொஞ்ச தூரம் கூட வந்தான், வழியில் கேட்டேன். முதலில் மாட்டேன் என்றான். "தங்கச்சி புருஷன்டா நானு" என்றேன். "ஆள்காட்டி வெரலு தொரை. நடு வெரலு நீ. ஆள விடு" என்றான். இதில் என்ன தப்பு, சொல்லுங்கள்? பதினாறு வருஷம் பொய்ச் சட்டத்தில் ஆடினோம், அது தப்பில்லையாம். நான் ஒரு விரலைத் தெரிந்துகொண்டது தப்பாகிவிடுமா?

கிருபை அடுப்படியில் அவள் அம்மாவோடு உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு விரலை நீட்டினேன்.

"மாமா இப்படி நீட்டுவாரு. நீ நடு வெரலத் தொடணும். எது?"

"இது."

"ஆங். அது யாரு?"

"யாரு?"

"அப்பா. இது தொரை, இது அப்பா. எங்க, தொடு."

தொட்டாள். விரலைத் திருப்பி நீட்டினேன், தொட்டாள். இடது கையை நீட்டினேன், அதிலும் சரியாகத் தொட்டாள். கெட்டிக்காரக் குழந்தை, ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

"அந்த மிலிட்டரிக்காரரு ஒன்னையும் இடிப்பாராப்பா?" என்று கேட்டாள்.

"இடிச்சா இடிக்கட்டும். அப்பாவுக்கென்ன பயமா?"

அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீக் கிளாஸைப் பிடித்திருந்தேன், கொஞ்சம் தளும்பிக் கீழே சிந்தியது. கிளாஸ் சூடு. சலோமி மொச்சையை வைத்துவிட்டு, "கொழந்தைய ஏன்யா இதுல இழுக்கற?" என்றாள். பெண்பிள்ளைக்கு என்ன தெரியும்? கிருபைக்குத் தலைவாரிவிடச் சொன்னேன். நல்ல பாவாடையைப் போடச் சொன்னேன். போகிற வழியில் ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அவள் தின்னவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

மைதானத்தில் எல்லாரும் வட்டமாக நின்றார்கள். துரை எழுந்திருக்கவில்லை, கம்பத்தடியிலேயே உட்கார்ந்திருந்தான். என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? நாளைக்கு அந்த மஞ்சள் சட்டையை எப்படி மாட்டுவது, உள்ளே ஒரு வெள்ளைப் பனியன் போட்டுக்கொண்டால் நாற்றம் உடம்பில் ஒட்டாதா என்று. அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்.

பொன்னுரங்கம் குந்தி உட்கார்ந்தான். வலது கையை நீட்டினான், இரண்டு விரல்.

"கிருபா, ஒரு வெரலத் தொடும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மெதுவாகத் தலையாட்டினேன். துரையைப் பார்த்தாள். அவன் இவளைப் பார்க்கவில்லை, தரையில் ஒரு குச்சியால் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். பிறகு பொன்னுரங்கத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"மாமா, தொட்டுட்டா அப்புறம் யாரும் மாத்தக் கூடாதுல்ல?"

"கூடாதும்மா."

"அப்பாவும்?"

"யாரும் மாத்தக் கூடாது."

கிருபை ஆள்காட்டி விரலைத் தொட்டாள்.